ரின்ஸ்கேயின் மடிக்கணினி படுத்துக்கொண்ட வாரம்

மாதத்தின் முதல் சனிக்கிழமை எங்கள் ஊர்க் கூடத்துக்கு வந்தால், நெதர்லாந்தின் வடக்கே ஃப்ரீஸ்லாந்தில் உள்ள மொத்த ரொட்டி வாட்டும் பெட்டிகளும் ஒரே கூரையின் கீழ் இருமுவதைக் கேட்கலாம். பழுது பார்க்கும் நாள் அது. ஒரு பொருளைத் தூக்கிப் போடச் சொன்னால் எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சுண்டுவிரலை வெட்டச் சொன்ன மாதிரி. போன வசந்தத்தில் ஒருவர் தன் மாமனாரின் காதுக் கருவியைக் கொண்டுவந்து நீட்டினார். மாமனார் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகியிருந்தது. "சரியாச்சுன்னா எனக்குக் காது போறப்ப போட்டுக்குவேன்ல" என்றார். அவருக்குக் காது கத்தி மாதிரி கேட்கும். முன்யோசனைதான்.

ஜன்னலோர மேஜை என்னுடையது. தொலைபேசி இணைப்பகத்தில் ஆயுளைக் கழித்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது மடிக்கணினிகளைத் திறக்கிறேன், கூடவே வாயையும். அடுத்த மேஜை க்ரீட்டுடையது. தையல் இயந்திரம், விளக்கு, தூசி உறிஞ்சி, எது வந்தாலும் வயிற்றில் கைவிட்டுக் குடலை உருவிவிடுவாள். புதிதாக யார் வந்தாலும் அவர்களிடம் என்னைப் பற்றி ஒரு எச்சரிக்கை: "சீபே சொல்றதுல பாதியைத் தள்ளிடுங்க. மிச்சத்தையும் பாதியாக்குங்க. அப்புறம் அவன் பொண்டாட்டிகிட்ட ஒரு தடவை கேட்டுக்குங்க."

இங்கே சாமானைக் கொடுத்துவிட்டுக் கடைவீதிக்குப் போக முடியாது. பழுது பார்க்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்தே ஆகவேண்டும், விதி அது. ஒரு கோப்பை காபி உண்டு. அந்தக் காபியைக் கொண்டு கடல் அணைக்கே தார் பூசலாம். ஒரு பிஸ்கட் உண்டு. இரண்டாவது பிஸ்கட்டுக்குக் கை நீளும்முன் டப்பா மூடிக்கொள்ளும். அந்த மூடியில் சிக்கி விரல் போன ஆட்கள் எங்கள் ஊரில் உண்டு என்று நான் சொல்வேன், க்ரீட் பாதியைத் தள்ளிவிடுவாள்.

அந்த மே மாதச் சனிக்கிழமை ரின்ஸ்கே மழைக்கோட்டுக்குள் எதையோ அணைத்துப் பிடித்தபடி உள்ளே வந்தாள். அவள் நெட்டை. எங்கள் ஊர்க் காற்று மரங்களை வளைக்கும், மாட்டை நகர்த்தும், ரின்ஸ்கேயிடம் மட்டும் சுற்றிக்கொண்டு போகும். நூலக வண்டியில் ஊர் ஊராகப் புத்தகம் கொண்டுபோன பெண். நானும் அவளும் ஒரே வருடம் ஓய்வு பெற்றோம். கோட்டைத் திறந்தாள். உள்ளே குளியல் துண்டு. துண்டுக்குள் மடிக்கணினி.

"குளிச்சிட்டு வந்துச்சா?" என்றேன்.

"சீபே, சிரிக்காத. செத்துப்போச்சு. வியாழக்கிழமை அப்டேட் பண்ணட்டுமான்னு கேட்டுச்சு. பண்ணுன்னேன். அணைஞ்சது. அதுக்கப்புறம் எழுந்திரிக்கல."

"உள்ள என்ன இருக்கு?"

அவள் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். குரலை இறக்கினாள். "நாடகம்."

க்ரீட்டின் கையிலிருந்த திருப்புளி நின்றது. பக்கத்து மேஜையில் கடிகாரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர்கூடக் கடிகாரத்தை விட்டுவிட்டார்.

இதைச் சொல்லியாக வேண்டும். கோடையில் எங்கள் ஊரில், அணைக்குக் கீழே இருக்கும் புல்வெளியில் ஊர் நாடகம் நடக்கும். ஊராரே நடிப்பார்கள், ஊராரே கம்பளியும் ஃபிளாஸ்க்கும் கொண்டுவந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். எழுதும் முறை ஒவ்வொரு வருடமும் ஒருவருக்கு. எழுதுகிறவர் ஊரில் யாரை வேண்டுமானாலும் மேடையில் ஏற்றிக் கிழிக்கலாம். கிழிபட்டவர் முன்வரிசையில் உட்கார்ந்து எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிக்க வேண்டும். சிரித்துவிட்டால் தீர்ந்தது, தோளில் தட்டி பீர் வாங்கிக் கொடுப்பார்கள். சிரிக்காதவனை ஊர் மறக்காது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பாதியில் எழுந்துபோன கால்நடை மருத்துவர் ஒருவர் இருந்தார். அப்புறம் அவரிடம் வைத்தியம் பார்க்க மாடுகளே கூச்சப்பட்டன. இது கொஞ்சம்தான் மிகை. இன்னொன்று, நடிகர்கள் கூடி உட்காரும் முதல் வாசிப்பு வரை நாடகத்தை யாருக்கும் காட்டக் கூடாது. வாசிப்புக்குப் பிறகு நடிகர்கள் மனைவியிடம்கூட மூச்சு விட மாட்டார்கள். எதிர்பாராமல் விழுந்தால்தான் அடி, அடியாக இருக்கும்.

இந்த வருட முறை ரின்ஸ்கேயுடையது. அவள் யாரை அடிக்கப் போகிறாள் என்று ஊருக்கே தெரியும். அவள் தம்பி யெல்மர்.

யெல்மர் கால்வாய்க்கு அந்தப் பக்கத்து ஊரில் டிராக்டர் விற்கிறான். அவர்கள் அப்பாவிடம் பழுப்புப் பாய் கட்டிய பழைய படகு ஒன்று இருந்தது. ரின்ஸ்கேக்கு நடக்கத் தெரியும் முன்பே அதில் துடுப்புப் போடத் தெரியும். அப்பா இறந்த பிறகு அவள் அப்பாவின் வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தாள். ஒரு மத்தியானம் சைக்கிளில் வீட்டுக்குப் போகிறாள், கால்வாய்ப் பாலம் தூக்கியிருக்கிறது, படகு கடக்கட்டும் என்று எல்லோரையும் போல அவளும் ஒரு காலை ஊன்றி நிற்கிறாள். அந்தப் பழுப்புப் பாய் அவள் மூக்குக்கு முன்னால் போகிறது. உள்ளே முன்பின் தெரியாத நாலு பேர், கையில் வெள்ளை ஒயின். அவளைப் பார்த்துக் கையை ஆட்டினார்கள். யெல்மர் ஒரு வார்த்தை சொல்லாமல் விற்றிருந்தான். பாலம் இறங்கிய பிறகும் அவள் நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் மணி அடித்தார்கள். அன்றோடு பேச்சு நின்றது. நாலு வருடம்.

"மன்னிப்புக் கேட்டானா?" என்று யாராவது கேட்டால் ரின்ஸ்கே சொல்லும் பதில் ஒன்றுதான்: "கேப்பான். எல்லாருக்கும் முன்னாடி வேர்த்துக் கொட்டிக் கேப்பான்." அதற்காகத்தான் மூன்று குளிர்காலமாக எழுதிக்கொண்டிருந்தாள். ஒரே பிரதி. அச்சில்லை, மின்னஞ்சல் இல்லை. வரும் வெள்ளிக்கிழமைதான் முதல் வாசிப்பு.

அந்தப் பிரதிதான் இப்போது என் மேஜையில் துண்டின் மேல் கறுத்துக் கிடந்தது.

சார்ஜரைச் செருகினேன். ஓரத்தில் சின்ன விளக்கு எரிந்தது. ஆக, மின்சாரம் போகிறது. பொத்தானை அழுத்தினேன். உள்ளே விசிறி புர்ரென்று சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது. கைவிளக்கைத் திரையின் மேல் சாய்த்து அடித்துப் பார்த்தேன். பின்விளக்கு மட்டும் போயிருந்தால் நிழலாக எழுத்து தெரியும். ஒன்றும் தெரியவில்லை. செருகியிருந்த மவுஸைப் பிடுங்கினேன். பொத்தானை விரல் வலிக்கும் வரை அழுத்திப் பிடித்தேன். மறுபடியும் அதே புர்ர்.

"பேய் பிடிச்சிருக்கு" என்றாள் க்ரீட்.

"உன் கண்ணு பட்டிருக்கு" என்றேன்.

"நீங்க ரெண்டு பேரும் அப்புறம் கல்யாணம் பண்ணிக்குங்க. முதல்ல இதைத் திற" என்றாள் ரின்ஸ்கே.

கவிழ்த்துப் போட்டு அடிமூடியின் திருகுகளைக் கழற்றினேன். திறந்ததும் உள்ளேயிருந்து ஒரு பூனைக்கான ரோமம் வந்தது. இன்னும் கொஞ்சம் வழித்திருந்தால் வாலும் வந்திருக்கும். மின்கலத்தின் இணைப்பைப் பிடுங்கி, மிச்சம் தங்கிய மின்சாரம் வடியப் பொத்தானை அழுத்தினேன். நினைவகத் தகட்டை உருவி, அதன் பல்வரிசையைத் துடைத்து, டக்கென்று சத்தம் வரும் வரை திரும்ப அமுக்கினேன். மூடாமலே, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பொத்தானை அழுத்தினேன்.

திரை வெளுத்தது. கூடத்தில் கைதட்டல். நான் எழுந்து நின்று நாலாபுறமும் குனிந்து வணங்கினேன். உலகத்திலேயே என்னைப் போல ஒருவன் இல்லை என்று அப்போது எனக்குத் தோன்றியது. சும்மா சொல்லக்கூடாது, அடிக்கடி தோன்றும்.

வெளுத்த திரை நீலமானது. அதில் நாலு வரி. யாரோ தன்னை நோண்டியதாகப் பெட்டிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. உள்ளிருப்பதையெல்லாம் பூட்டிக்கொண்டு, மீட்பு எண்ணைக் கொண்டு வா என்றது. சாதாரண எண் இல்லை அது. அடித்து முடிப்பதற்குள் பேரப்பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆகிவிடும், அவ்வளவு நீளம்.

"எந்த எண்ணு? எனக்கு எண்ணெல்லாம் தெரியாது. நான் பூட்டவே இல்லையே" என்றாள் ரின்ஸ்கே.

"நீ பூட்ட வேண்டாம். முதமுதல்ல அமைக்கறப்ப அதுவே பூட்டிக்கும். சாவி எண்ணை அமைச்சவங்க கணக்குல கொண்டுபோய் வச்சிடும்."

"அப்ப உள்ள இருக்கற ஹார்ட் டிஸ்கைக் கழட்டி வேற பெட்டியில போடு."

"பூட்டின அலமாரியை வேற அறைக்குத் தூக்கிட்டுப் போனா திறந்துக்குமா?"

கடைசி வரியை அப்போதுதான் படித்தேன். எண் எந்தக் கணக்கில் இருக்கிறது என்று துப்புக் கொடுத்திருந்தது. முதல் மூன்று எழுத்து, பிறகு நட்சத்திரங்கள். அந்த மூன்று எழுத்தில் தொடங்கும் ஒரே ஒரு மனிதன்தான் எங்கள் எல்லோர் நினைவுக்கும் வந்தான். க்ரீட் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ரின்ஸ்கே" என்றேன், "இதை உனக்கு அமைச்சுக் குடுத்தது யாரு?"

அவள் காபியைப் பார்த்தாள்.

"அப்பா இருந்தப்ப" என்றாள். "எழுதற மென்பொருளுக்கு எல்லாருக்கும் ஒரே சந்தாவே போதும், எதுக்கு ஆளுக்கொண்ணு கட்டணும்னு அவன்தான் போட்டுக் குடுத்தான்."

"அப்புறம் மாத்தலையா?"

"அதான் கட்டியாச்சே."

இந்த இடத்தில் வேறு ஊர்க்காரன் சிரித்திருப்பான். எங்கள் கூடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் புரிந்துகொண்டு தலையாட்டினார்கள். தம்பியின் முகத்தில் விழிக்க மாட்டாள். தம்பி வாசலைக் கடக்காமலிருக்க ஊரைச் சுற்றி சைக்கிள் மிதிப்பாள். அவன் அனுப்பிய பிறந்தநாள் கேக்கைப் பிரிக்காமலே வாத்துகளுக்குப் போட்டாள். ஆனால் கட்டியாகிவிட்ட சந்தாவை விட்டுவிட மனிதப் பிறவிக்கு எப்படி மனம் வரும்?

"அவன்கிட்ட நான் பேச மாட்டேன்" என்றாள்.

"பேசாட்டி நாடகம் உள்ளேயே இருக்கும்."

"திரும்ப எழுதறேன்."

"வெள்ளிக்கிழமைக்குள்ளயா?" என்றாள் க்ரீட். "மூணு வருஷம் எழுதினதை? ஏம்மா, உனக்கு என்ன நாலு கையா?"

ரின்ஸ்கே துண்டை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள். கடைசியில் என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "நீ பேசு. எண்ணை மட்டும் கேளு. எதுக்குன்னு சொல்லாத. நாடகம்னு ஒரு வார்த்தை வாயிலேர்ந்து வந்துச்சுன்னா உன்னையும் மேடையில ஏத்திடுவேன்."

என்னை மேடையேற்றச் சொல்லி நான் பல வருடமாகக் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல அது நேரமில்லை. கைபேசியைச் சத்தமாக வைத்து மேஜை நடுவில் சாய்த்து நிறுத்தினேன். மணி அடித்தது. கூடத்தில் தையல் இயந்திரங்கள்கூட மரியாதையாக நின்றன.

"யெல்மர், நான் சீபே பேசறேன். ஊர்க் கூடத்துலேர்ந்து."

"சொல்லுங்கண்ணே. என்ன, அக்காவோட லேப்டாப் படுத்துடுச்சா?"

நான் ரின்ஸ்கேயைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"உனக்கெப்படித் தெரியும்?"

"வியாழக்கிழமையிலேர்ந்து ஒண்ணும் வரலையே."

எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. ஒரே கணக்கு என்றால் சாவி எண் மட்டுமா அங்கே போகும்? அவள் தட்டிய ஒவ்வொரு வரியும் பத்திரமாகப் பிரதி எடுக்கப்பட்டுக் கால்வாய்க்கு அந்தப் பக்கம் போய் விழுந்திருக்கிறது. க்ரீட்டுக்கும் புரிந்தது. ரின்ஸ்கேக்குத்தான் இன்னும் புரியவில்லை. யாருக்கு நடக்கிறதோ அவருக்குத்தானே கடைசியில் புரியும்.

"என்ன வரல?" என்றாள், நாலு வருடத்துக்குப் பிறகு தம்பியிடம் முதல் வார்த்தையாக.

"அக்கா, நீ பக்கத்துலதான் இருக்கியா?"

"என்ன வரலைன்னு கேட்டேன்."

"நீ எழுதறது. இங்க என் பெட்டியிலயும் வந்து விழும்ல."

கூடத்தில் யாரோ கரண்டியைக் கீழே போட்டார்கள். ரின்ஸ்கே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எதுலேர்ந்து?"

"முதல் வரிலேர்ந்து."

"எல்லாத்தையும் படிச்சியா?"

"படிச்சேன். சும்மா சொல்லக் கூடாதுக்கா, பாலத்துக் காட்சி பிரமாதம். நான் அவ்வளவு குண்டு இல்ல, அது வேற. பேக்கரி வோப்கேக்கா என் வேஷம்னு எழுதி வச்சிருக்க? அவனுக்கு என்னைவிட ரெண்டு மடங்கு வயிறு. சரி, பரவாயில்ல. நான் கோவிச்சுக்கல. முன்வரிசையில வந்து உக்காந்து சிரிக்கறேன் பாரு. எந்த இடத்துல சிரிக்கணும்னெல்லாம் எனக்கு மனப்பாடம்."

அவன் நிஜமாகவே பெருந்தன்மையாகத்தான் சொன்னான். அதுதான் கொடுமை. மூன்று குளிர்காலமாக ஒருத்தி கத்தி தீட்டியிருக்கிறாள், இவன் பக்கத்தில் உட்கார்ந்து தீட்டுக்கல்லில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்திருக்கிறான்.

"நிறுத்தியிருக்கலாமே நீ" என்றாள் ரின்ஸ்கே. "சொல்லியிருக்கலாமே, இங்க வருது, மாத்திக்கன்னு."

"நீதான் பேச மாட்டியே." குரல் கொஞ்சம் மாறியது. "வேற எப்படி உன்கிட்டேர்ந்து எனக்கு ஒரு வார்த்தை வரும்? ராத்திரி சாப்பிட்டதும் திறந்து பாப்பேன். இன்னிக்கு என்னை என்ன பண்ணியிருக்கான்னு. சில நாள் படகுல ஏத்தி முழுகடிச்சிருப்ப. சில நாள் அப்பா வந்து என்னைத் திட்டுவார். அப்பா பேசற மாதிரியே எழுதியிருந்த அதை."

ரின்ஸ்கே துண்டை இன்னொரு முறை மடித்தாள்.

"போன குளிர்காலம் ஒண்ணு எழுதினியே அக்கா. நான் உன் வாசல்ல வந்து நிக்கற மாதிரி. மழையில. தொப்பியைக் கையில வச்சுக்கிட்டு மன்னிப்புக் கேக்கற மாதிரி. நல்லா இருந்துச்சு அது. ஒரு வாரம் இருந்துச்சு. அப்புறம் பாத்தா காணோம். ஏன் அழிச்ச?"

"நீ வரல. அதான் அழிச்சேன்."

"நீ அழிச்சிட்ட. அதான் வரல."

எனக்குப் பேச்சு வராத தருணங்கள் என் வாழ்க்கையில் மிகக் குறைவு. என் மனைவி ஒன்றுகூட இல்லை என்பாள். இது ஒன்று. பழுது பார்க்க வந்த அத்தனை பேரும் தங்கள் தங்கள் விளக்கையும் கெட்டிலையும் மடியில் வைத்துக்கொண்டு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எண்ணைச் சொல்லு" என்றாள் ரின்ஸ்கே.

அவன் சொன்னான். ஆறாறு இலக்கமாகச் சொன்னான், நான் அடித்தேன். நடுவில் ஒருமுறை, "மெதுவா அண்ணே, தப்பாயிடும்" என்றான். அவள் கையைக் கட்டிக்கொண்டு திரையையே பார்த்தாள். கடைசி இலக்கம் விழுந்ததும் நீலம் போய் அவளுடைய பழைய படம் வந்தது. பழுப்புப் பாய், தண்ணீர், சிரித்துக்கொண்டிருக்கும் அப்பா. அதை அவள் மாற்றவே இல்லை.

"வந்துடுச்சா?" என்றான் யெல்மர்.

அவளே கையை நீட்டிக் கைபேசியை அணைத்தாள்.

"சீபே, இதை என்னுது ஆக்கு."

"ஆக்கலாம். அவன் கணக்கைக் கழட்டிட்டு உனக்குன்னு புதுசா ஒண்ணு போடணும். ஆனா சந்தா…" நான் தயங்கினேன். இப்படிப்பட்ட செய்தியை ஒரு பெண்ணிடம் எப்படிச் சொல்வது? "மாசாமாசம் நீயே கட்டணும்."

"கட்டறேன்."

கூடம் முழுக்க ஒரு மூச்சு உள்ளே போனது. ஓசியில் கிடைப்பதை விட்டுவிட்டுக் காசு கொடுத்து வாங்குகிறேன் என்று ஒரு ஃப்ரீஸ்லாந்துக்காரி சாட்சிகள் முன்னிலையில் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. க்ரீட் பேசாமல் எழுந்து போய் பிஸ்கட் டப்பாவைத் திறந்து அவளிடம் நீட்டினாள். இரண்டாவது பிஸ்கட். எங்கள் கூடத்தின் வரலாற்றில் நடக்காத காரியம். ரின்ஸ்கே எடுத்துக்கொள்ளவில்லை.

கணக்கைக் கழற்றினேன். அவள் பெயரில் புதியது போட்டேன், புதுச் சாவி எண் புதுக் கணக்குக்குப் போனதா என்று பார்த்தேன், நாடகத்தைத் தனியாக ஒரு பென் டிரைவில் இறக்கி அவள் கையில் கொடுத்தேன். அவள் அதை மழைக்கோட்டுப் பையில் போட்டுப் பித்தானையும் பூட்டிக்கொண்டாள். நன்றி சொன்னாள். வாசலில் காற்று அவளைச் சுற்றிக்கொண்டு போகவில்லை, நேராக அடித்தது. கொஞ்சம் குனிந்துதான் நடந்தாள்.

வெள்ளிக்கிழமை வாசிப்பு நடந்தது. அதற்கடுத்த வாரம் மீன் வண்டியருகே யெல்மர் என்னைப் பிடித்தான். கையில் பொரித்த மீன் காகிதப் பொட்டலம். திறக்கவே இல்லை, ஆறிக்கொண்டிருந்தது.

"எழுதறாளா அண்ணே?"

"எனக்கென்ன தெரியும்? எனக்கு வந்து விழறதில்லையே."

"எதையாவது மாத்தியிருப்பா, இல்ல? கடைசிக் காட்சியை?" பொட்டலத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். "அந்த மழைக் காட்சியைத் திரும்ப வச்சிருப்பாளோ?"

"பேக்கரியில போய்க் கேளேன்."

"கேட்டேன். வோப்கே ரொட்டியைச் சுத்திக் குடுத்துட்டு அடுத்த ஆளைக் கூப்பிடறான். நான் சட்டை கோட்டெல்லாம் புதுசா வாங்கியாச்சு. முன்வரிசை. டிராக்டர் கம்பெனி ஆளுங்க பத்து பேரைக் கூட்டிட்டு வரேன்." பெரிதாகச் சிரித்துக் காட்டினான். "எப்படி இருக்கு? இந்தச் சிரிப்பைத்தான் பாலத்துக் காட்சிக்கு வச்சிருக்கேன்."

நல்ல சிரிப்புதான். ஒத்திகை பார்த்த சிரிப்பு என்று வெளியே தெரியவே தெரியாது.

நாடகத்தன்று அணைக்குக் கீழே ஊரே இருந்தது. பக்கத்து ஊர்களும் இருந்தன. அக்கா தம்பியைக் கிழிக்கப் போகிறாள் என்ற செய்தி கால்வாய் வழியாகவே பரவியிருந்தது. கொசு வேறு. கட்டெறும்பு அளவு என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், அதனால் குருவி அளவு என்றே சொல்லிவிடுகிறேன். முன்வரிசையில் நடு நாற்காலியில் யெல்மர், நீலக் கோட்டில், இரு பக்கமும் நண்பர்கள் சூழ. போகிற வருகிறவர்கள் அவன் தோளை முன்கூட்டியே தட்டிவிட்டுப் போனார்கள். "தாங்குவியா?" "தாங்குவேன், தாங்குவேன்." நான் க்ரீட்டோடு மூன்றாவது வரிசையில் இருந்தேன். ரின்ஸ்கே மேடையோரம், காபி மேஜைக்குப் பின்னால் நின்றாள். அங்கிருந்து மேடை தெரியாது. முன்வரிசை நன்றாகத் தெரியும்.

தொடங்கியது. மாமனாரின் காதுக் கருவிக்காரர் கிழிபட்டார், விழுந்து விழுந்து சிரித்தார். நானும் வந்தேன்! நம்ப முடிகிறதா, என்னைப் போல மூக்கு வைத்த ஒரு பையன் வந்து மூச்சு விடாமல் பொய் சொன்னான். க்ரீட் என் விலாவை இடித்தே உடைத்தாள். ஆனால் ஊர் என்னைப் பார்க்கவா வந்தது? எல்லோரும் காத்திருந்தார்கள்.

பாலத்துக் காட்சி வந்தது. மரப்பாலம் ஒன்று செய்திருந்தார்கள், அழகாக இருந்தது. நாலைந்து பேர் சைக்கிளோடு வந்து, ஒரு காலை ஊன்றி நின்றார்கள். பேக்கரி வோப்கே வந்தான். தம்பியாக வரவில்லை. பாலக்காரனின் தொப்பி போட்டுக்கொண்டு வந்தான். மணியடித்தான். "பாலம் திறக்குது" என்றான். பாலம் மேலே போனது. சைக்கிள்காரர்கள் காத்திருந்தார்கள். நாங்கள் காத்திருந்தோம். முன்வரிசையில் யெல்மர் நாற்காலி விளிம்புக்கு நகர்ந்து, சிரிப்பை வாய்க்குள் தயாராக வைத்துக்கொண்டான். கன்னம் உப்பியது எனக்குத் தெரிந்தது.

ஒன்றும் வரவில்லை.

படகு வரவில்லை, தம்பி வரவில்லை, ஒயின் குடிக்கிறவர்கள் வரவில்லை. காற்று மட்டும் மேடையைக் கடந்துபோனது. ரொம்ப நேரம். யாரோ இருமினார்கள். பிறகு வோப்கே, "பாலம் மூடுது" என்றான். சைக்கிள்காரர்கள் ஏறிப் போனார்கள். அடுத்த காட்சி ஆட்டுச் சந்தை பற்றியது.

கடைசி வரை யெல்மர் முன்னால் சாய்ந்தே உட்கார்ந்திருந்தான். இனி வரும், இதில் வரும் என்று. கடைசிக் காட்சியில் யாரோ ஒருவன் தொப்பியோடு வந்தபோது எழுந்தேவிட்டான், அது தபால்காரர். கைதட்டல் மெலிசாக இருந்தது. முப்பது வருடத்தில் இவ்வளவு சப்பையான நாடகம் பார்த்ததில்லை என்று எனக்குப் பின்னால் ஒரு பெண் சொன்னாள், உண்மைதான். முதுகெலும்பை உருவி எடுத்த மீன் மாதிரி தொளதொளவென்று இருந்தது. அதில் நன்றாக இருந்ததெல்லாம் யெல்மர்தான். அத்தனையையும் அவள் வெட்டி எறிந்திருந்தாள்.

அவன் நேராகக் காபி மேஜைக்குப் போனான். அங்கே காபி வாங்க அவசரமே இல்லாத ஒரு கூட்டம் திடீரென்று காபி வாங்கியது; நானும்தான்.

"அக்கா, நான் எங்க?"

"எதுல?"

"நாடகத்துல. மூணு வருஷம் எழுதினியே. பாலம், படகு, அப்பா. அதெல்லாம் எங்க போச்சு?"

ரின்ஸ்கே ஒரு கோப்பையில் காபி ஊற்றி அவனிடம் நீட்டினாள், எல்லோருக்கும் நீட்டுவதைப் போல, கூடவே ஒரு பிஸ்கட்.

"அதான் நீ படிச்சாச்சே" என்றாள். "அடுத்தவங்க வரிசையில நிக்கறாங்க, கொஞ்சம் நகர்ந்துக்க."

அவன் நகர்ந்துகொண்டான். கோப்பையைப் பிடித்தபடி புல்வெளியில் நின்றான். யாராவது வந்து ஏதாவது சொல்வார்கள் என்று பார்த்தான். கிழிபட்டவனைத் தோளில் தட்ட எங்கள் ஊருக்குத் தெரியும். கிழிபடாதவனை என்ன செய்வதென்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. டிராக்டர் கம்பெனி நண்பர்கள் தங்கள் கார்களைத் தேடத் தொடங்கினார்கள். காதுக் கருவிக்காரரைச் சுற்றி ஒரே கும்மாளம், பீர்.

அவள் கோப்பைகளை அடுக்கத் தொடங்கினாள். வெற்றி பெற்றவளைப் போலத் தெரிந்தாளா என்று ஊரில் பலர் என்னைக் கேட்டார்கள். எதையும் பெரிதுபடுத்திச் சொல்கிறவன்தான் நான். ஆனால் அந்த முகத்தில் பெரிதுபடுத்த ஒன்றுமே இல்லை.